பெயரைக் கேட்டால் பதில் சொல்லும் சின்ன நிரலைப் பிள்ளைகள் கையால் எழுதட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை நெருங்கினாலே பிள்ளைகளுக்கான நிரலாக்க வகுப்பு விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். நானும் என் அக்கா மகளை அப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பியவன்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள், கெட்டிக்காரி. வகுப்பு முடிந்து வந்து, தான் செய்த இணையத்தளத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அழகாகவே இருந்தது. "சரிம்மா, நீ பொத்தானை அழுத்தினதும் கேள்வி எங்கே போகுது, அங்கே யாரு அதைப் படிச்சுப் பதில் அனுப்புறா?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சொன்னால் அது எழுதிக் கொடுத்துவிடுகிறது, வகுப்பில் அதை ஏற்றி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்றாள். அவள்மேல் தப்பில்லை. அந்த நடுப்பகுதியை யாரும் அவளுக்குத் திறந்து காட்டவில்லை.

அதனால் நாங்கள் இருவரும், பிறகு எங்கள் புளோக்கில் இருக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சின்ன சேவையகத்தை முதல் வரியிலிருந்து நாங்களே எழுதினோம். ஒரு பெயரை அனுப்பினால் அந்த ஆள் யார், என்ன செய்கிறார் என்று நாலு வரி பதில் அனுப்பிவிட்டு இணைப்பை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தருகிற இடங்களில் எல்லாம் இப்படி ஒன்றையாவது கையால் எழுத வைக்கவேண்டும், அதைத் தமிழில் விளக்குவதற்கு உங்கள் பத்திரிகை இடம் தரவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் எழுதியதற்கு ஃபிங்கர் என்று பெயர். பழைய காலத்து விஷயம். 1971இல் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் எழுதினார். ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது, இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துப் பார்ப்பவர்கள் அதில் விரலை மேலிருந்து கீழே ஓட்டித் தேடுவதைப் பார்த்துத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தாராம். 1977இல் அது ஆர்எஃப்சி 742 என்ற விதிமுறை ஆவணமாக வந்தது. 1991 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1288தான் நாங்கள் பின்பற்றியது. சில பக்கங்கள்தான், பிள்ளைகள் ஒரே பிற்பகலில் படித்துவிட்டார்கள். பானம் விற்கும் இயந்திரத்திடம் கேட்டால் இப்போது வாங்குவதற்கு என்னென்ன இருக்கிறது என்று அது பதில் சொல்லவேண்டும் என்றுகூட அந்த ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கோலா இயந்திரம் உண்மையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் கீழ்த்தளத்தில் இருக்கும் இயந்திரத்தைப் பார்த்து வருகிறேன் என்று சின்னவன் ஓடிவிட்டான்.

எழுதிய மொழி ஹாஸ்கெல். ஃபங்ஷனல் வகை மொழி. பள்ளிக் கணக்கில் எஃப் எக்ஸ் என்று ஒன்று வருமே, ஒரு மதிப்பைக் கொடுத்தால் ஒரு மதிப்பைத் தரும், அதே மதிப்பை நூறு தடவை கொடுத்தாலும் அதே பதில்தான் வரும், அப்படிப்பட்ட சார்புகளைக் கோத்துக் கோத்து நிரல் கட்டுவது. இந்தச் சிந்தனைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் லிஸ்ப் மொழியை 1958இல் உருவாக்கிய ஜான் மெக்கார்த்திதான், ஃபிங்கர் பிறந்த அந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக்கூடத்தையும் தொடங்கியவர். ஹாஸ்கெலின் முதல் வரையறை வந்தது 1990இல். இது வேலைக்கு உதவாத ஏட்டுப் படிப்பு என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நம் ஊரில் கிளைகள் வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி பல வருடங்களாக ஹாஸ்கெலைப் பயன்படுத்துகிறது. வாட்ஸ்அப் சேவையகங்கள் ஓடுவது எர்லாங் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியில். ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்தது வேலைக்காக இல்லை, வெளி உலகத்தைத் தொடுகிற பகுதி எது, வெறும் கணக்கு எது என்று இந்த மொழியில் தனித்தனியாகப் பிரித்து எழுதித்தான் ஆகவேண்டும் என்பதற்காக. வலையிலிருந்து படிப்பது, திரையில் எழுதுவது எல்லாம் ஐஓ என்ற அடையாளத்தோடு ஒரு பக்கம் நிற்கும். பட்டியலில் பெயரைத் தேடுவது எந்த அடையாளமும் இல்லாமல் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பகுதியைப் பிள்ளைகள் இணையமே இல்லாமல், எம்ஆர்டி ரயிலில் வரும்போதுகூடச் சோதித்துப் பார்த்தார்கள்.

முதல் ஞாயிறு நாங்கள் எழுதியது பதில் சொல்லும் சேவையகம்கூட இல்லை. வருவதை அப்படியே காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பும் இருபது வரி நிரல்தான். வலை இணைப்புக்கான முனையை சாக்கெட் என்பார்கள். அப்படி ஒன்றைத் திறந்து, அதை ஒரு எண்ணோடு கட்டி, காது கொடுத்து உட்கார வைப்பது. ஃபிங்கருக்கு உரிய வாயில் எண், அதாவது போர்ட் எண், 79. 1024க்குக் கீழே இருக்கும் எண்களை லினக்ஸில் சாதாரணப் பயனர் திறக்க முடியாது, நிர்வாகி அனுமதி வேண்டும், அதனால் பயிற்சிக்கு 7979 என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து அறையில் இருந்த கணினியிலிருந்து டெல்நெட் என்ற பழைய இணைப்பு நிரல் வழியாக ஒரு பெயரைத் தட்டி என்டர் அழுத்தினார்கள். திரையில் அந்தப் பெயரோடு ஆர், என் என்ற இரண்டு அடையாளங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. அதுதான் வரி முடிவு, எண் 13ம் எண் 10ம், கேள்வி முடிந்துவிட்டது என்பதற்கான குறி. "அப்போ இணையம்னா வெறும் எழுத்துதானா மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். இத்தனை வருடம் இந்தத் துறையில் வேலை பார்த்ததில் அந்த ஒரு கேள்வி எனக்குக் கொடுத்த சந்தோஷம் கொஞ்சம் இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பையன் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தட்டாமல் மைலோ குடிக்கப் போய்விட்டான், மற்ற இருவருக்கும் பதில் வரவே இல்லை, நிரல் அவனுக்காகவே காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி இழை, அதாவது மற்றதற்குக் காத்திராமல் தனியாக ஓடும் வேலை, பிரித்துவிடவேண்டும், இத்தனை வினாடிக்குள் கேள்வி வராவிட்டால் மூடிவிடவேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். ஹாஸ்கெலில் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு சார்பு இருக்கிறது, ஆனால் ஏன் வேண்டும் என்பதை அந்த மைலோதான் கற்றுக்கொடுத்தது. அதேபோல ஒரு தடவை படித்தால் ஒரு முழு வரி வந்துவிடும் என்ற நினைப்பும் தவறு. இணையத்தில் தகவலைக் கொண்டுபோகும் டிசிபி என்ற முறை குழாய்த் தண்ணீர் மாதிரி, எங்கே துண்டு விழும் என்று சொல்ல முடியாது. வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்துக்கொண்டே போகவேண்டும், ஆனால் அதற்கும் ஒரு மேல்வரம்பு இருக்கவேண்டும்.

மேல்வரம்பு ஏன் என்று கேட்டபோதுதான் 1988 நவம்பர் 2ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ஃபிங்கர் சேவையகம் சி மொழியில் எழுதப்பட்டது. வருகிற வரியை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது (பைட் என்பது கணினி நினைவகத்தை அளக்கும் சின்ன அலகு), ஆனால் வருவது அதற்குள் அடங்குமா என்று பார்க்காமலே படித்தது. ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட, கணினிக்குக் கணினி தானாகவே பரவும் புழு நிரல் 536 பைட் அனுப்பியது. மிச்சம் வழிந்தது பக்கத்து நினைவகத்தில் உட்கார்ந்து, வேக்ஸ் என்ற வகைக் கணினிகளில் புழுவின் கட்டளையாகவே ஓடியது. அந்தப் புழு சுமார் 6,000 கணினிகளைத் தாக்கியிருக்கும் என்பது அப்போதைய மதிப்பீடு. ஹாஸ்கெலில் வழக்கமான வழியில் எழுதினால் இப்படி வழியாது. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால் ஜாவாவிலும் பைத்தானிலும் ரஸ்டிலும்கூட வழியாது. எந்த மொழியானாலும் மேல்வரம்பு இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் நினைவகம் தீர்ந்துபோகும் என்பதையும் அவர்களே ஒரு பெரிய கோப்பை அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் உங்களுக்கு எழுத முக்கியக் காரணம்.

மூன்றாவது ஞாயிறு எங்கள் பட்டியலில் பெயர்களை ஏற்றினோம். ஆங்கில எழுத்தில் போட்டவை எல்லாம் சரியாக வந்தன. "தமிழில் போட்டால் என்ன?" என்று கவிதா என்ற பெயரை ஏற்றினாள் அக்கா மகள். வந்தது வெறும் குப்பை. உட்கார்ந்து தேடினோம். நம் கண்ணுக்கு கவிதா மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரமுறைக்கு அது ஐந்து குறிகள், அவற்றைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் பதினைந்து பைட். நாங்கள் நிரலுக்குள் நேரடியாக எழுதிய தமிழ்ச் சொல்லை ஹாஸ்கெலின் ஒரு நூலகம் குறி ஒன்றுக்கு ஒரு பைட் என்று வெட்டிவிட்டது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இவ்வளவு கண்டிப்பான மொழியிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர் அதில் விழவே மாட்டார், அதனால் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. எழுத்து வேறு பைட் வேறு என்று இரண்டு தனி வகையாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தை வெளிப்படையாக எழுதிய பிறகு சரியானது. கெட்டுப்போன பைட் வந்தால் மாற்றம் தோற்றுப்போகும் என்பதையும் அங்கேயே கையாளவேண்டியிருந்தது.

அதற்கு மறுவாரம் கோமதி வந்தாள், அதாவது அந்தப் பெயர். பட்டியலில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் தேடினால் இல்லை என்று பதில். ஒரு மணி நேரம் ஆனது கண்டுபிடிக்க. கோ என்ற எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். தேடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடவேண்டும், அதற்கு என்எஃப்சி என்று ஒரு தரமுறை இருக்கிறது. ஒரு வரி மாற்றம்தான். அந்த ஒரு வரி இல்லாத எத்தனை பதிவேடுகளில், எத்தனை நூலகப் பட்டியல்களில் நம் பெயர்களும் நம் நூல்களும் இருந்தும் இல்லாமல் கிடக்கின்றனவோ என்று எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆர்எஃப்சி 1288லேயே இதற்கு ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அனுப்பும் தகவல் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறையில் இருக்கவேண்டும் என்று சொன்னாலும், 128 முதல் 255 வரை வரும் எண்கள் உண்மையிலேயே பிறமொழித் தகவலாக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கேள்வி அனுப்புபவரின் பக்கத்தில் ஓடும் நிரல் 32 முதல் 126 வரையுள்ள எழுத்துகளையும் டேப், வரி முடிவுக் குறிகளையும் மட்டும் காட்டி மற்றதை வடிகட்டுவது நல்லது, வேண்டுபவர்கள் பிறமொழி எழுத்தைத் திறந்துவிட்டுக்கொள்ளலாம் என்றும் பரிந்துரைக்கிறது. யாரும் கேடு நினைத்து எழுதவில்லை, திரையைக் குழப்பும் கட்டளைகள் உள்ளே வராமல் தடுக்கத்தான். இருந்தாலும் அந்த வடிகட்டியில் போட்டால் கவிதாவின் பதினைந்து பைட்டில் ஒன்றுகூட மிஞ்சாது. இதையெல்லாம் நமக்காக வேறு யாரோ கவனித்துத் திருத்துவார்கள் என்று இருக்கமுடியாது. இணையத்தில் தமிழைக் கொண்டுவர 1995இலேயே இந்த ஊரில் உழைத்தவர் நா. கோவிந்தசாமி, 1997இல் தமிழ்நெட் மாநாட்டை இங்கே கூட்டியவரும் அவர்தான். அவர் அடியாழம்வரை இறங்கி எழுத்துருவிலும் விசைப்பலகையிலும் வேலை செய்தார். அந்த ஊரில் வளரும் பிள்ளைகள் மேல்பூச்சு மட்டும் கற்றால் போதும் என்று நாம் இருக்கலாமா?

அப்புறம் பெயரின் அமைப்பு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுத்தான் பிள்ளைகள் தொடங்கினார்கள், எல்லாப் படிவங்களும் அப்படித்தானே இருக்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்) அல்லது டி/ஓ (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர் வரும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஊழியர் பட்டியல் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால் எனக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் காலமாகிவிட்ட என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கும். ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினேன். ஹாஸ்கெலில் பெயர் என்பது இந்த நான்கு வகையில் ஒன்று என்று அறிவிக்கலாம். குடும்பப் பெயர் முன்னால் வருவது, அப்பா பெயர் எஸ்/ஓ, டி/ஓ போட்டு வருவது, மலாய்ப் பெயர்களில் உள்ளதுபோல 'பின்', 'பிந்தி' என்று வருவது, ஒரே பெயர் மட்டும் இருப்பது. பதில் எழுதும் சார்பில் ஒரு வகையை மறந்துவிட்டால், நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் தொகுப்பி எச்சரிக்கும், எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லி வைத்தால் நிரலைக் கட்டவே மறுத்துவிடும். அதேபோலத் தேடும் சார்பு ஆளைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காது, மேபி என்ற உறையில் போட்டுத் தரும். உள்ளே ஆள் இருந்தால் ஜஸ்ட், இல்லையென்றால் நத்திங். இல்லாத ஆளுக்கு என்ன பதில் என்று யோசிக்காமல் அடுத்த வரிக்குப் போகமுடியாது.

கடைசி ஞாயிறு பேசியது எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பற்றி. ஃபிங்கர் உலகத்தில் குறைந்துபோனதற்குக் காரணம் அந்தப் புழு மட்டும் இல்லை, முகம் தெரியாத யாரும் கேட்டால் இவர் எப்போது உள்ளே வந்தார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதுவரை அது சொல்லிவிடும். நம் ஊரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் தேவையில்லாமல் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுகளைத் தேடும் இணையவாசலில் ஒருவரின் பெயரைத் தேடியவர்களுக்கு அவருடைய முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்தது, மக்கள் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டார்கள், அந்தத் தேடல் வசதி நிறுத்தி வைக்கப்பட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் தங்கள் நிரலைத் திரும்பப் பார்த்தார்கள். எங்கள் பட்டியலிலும் தொலைபேசி எண் இருந்தது, பதிலோடு அதுவும் போய்க்கொண்டிருந்தது. வெளியே காட்டும் ஆள் என்று தனியாக ஒரு வகை செய்தோம், அதில் தொலைபேசி எண்ணுக்குக் கட்டமே இல்லை. பதில் எழுதும் சார்பு அந்த வகையை மட்டும்தான் வாங்கும். இனி யாராவது மறந்துபோய் எண்ணைச் சேர்க்க நினைத்தாலும் அந்த இடத்தில் அது கைக்கு எட்டாது. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை இதைத் தன் கையால் செய்துவிட்டால், நாளைக்கு எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன கட்டினாலும் இந்தக் கேள்வியோடுதான் கட்டும் என்று நான் நம்புகிறேன்.

ஐந்து ஞாயிறு, ஒரு பழைய மடிக்கணினி, காசு எதுவும் செலவில்லை. கருவிகள் எல்லாம் இலவசம். வகுப்பு நடத்துகிறவர்களே, பெற்றோர்களே, மூன்று நாளில் பத்துச் செயலி என்பதற்குப் பதிலாக ஒரே ஒரு சின்ன நிரல், ஆனால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை, என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சமூக மன்றங்களும் வட்டார நூலகங்களும் இடம் கொடுத்தால் நான் ஞாயிறு பிற்பகல்களில் வந்து சொல்லித்தரத் தயார், கட்டணம் வேண்டாம். ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். இளையர் பக்கத்தில் மாதம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கருத்துகளைத் தமிழில், நாம் பேசுகிற தமிழில் விளக்குவோம், சாக்கெட் சாக்கெட்டாகவே இருக்கட்டும். முதல் அரைப் பக்கத்துக்கு கோமதியின் கதையை அக்கா மகளே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கூட வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அங் மோ கியோ